ஸ்டாட்ஸ்குரு விமர்சனம்: மூன்று வடிவத்தையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஏமாற்றும்

2024-ல் இந்திய ஆண்கள் அணி 44 ஆட்டங்கள் ஆடியது. வெற்றி 30, தோல்வி 10, டை (இரு அணி ரன்னும் சமம்) 3, டிரா (டெஸ்டில் முடிவு எட்டாதது) 1. ஒரு தோல்விக்கு மூன்று வெற்றி. எந்த அணிக்கும் இது கொண்டாட்டமான ஆண்டு. கிரிக்இன்ஃபோ தளத்தின் புள்ளிவிவரத் தேடல் கருவியான ஸ்டாட்ஸ்குருவில் 'டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றும் சேர்த்து' என்ற வகையைப் பிடித்து, தேதியை ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை போட்டால் இந்த வரிதான் வந்து நிற்கும்.

அதையே பிரித்துப் பாருங்கள். டி20-ல் 26 ஆட்டம், 22 வெற்றி, 2 தோல்வி, 2 டை. டெஸ்டில் 15 ஆட்டம், 8 வெற்றி, 6 தோல்வி, ஒரு டிரா. ஒருநாளில் மொத்தமே மூன்று ஆட்டம், மூன்றும் ஆகஸ்டில் கொழும்பில்: ஒரு டை, இரண்டு தோல்வி, வெற்றி பூஜ்யம். வெற்றி-தோல்வி விகிதம் டி20-ல் 11, டெஸ்டில் 1.33, ஒருநாளில் 0. இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி 3 என்று ஊற்றித் தருகிறது அந்தக் கூட்டு வகை. மூன்று மணி நேர ஆட்டமும் ஐந்து நாள் ஆட்டமும் அங்கே ஆளுக்கு ஒன்று. ஸ்டாட்ஸ்குருவில் ஒதுக்கவேண்டிய பொத்தான் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

மற்றபடி, ஒரு தேசிய அணியை வடிவம் வடிவமாகப் பின்தொடர இதைவிட நல்ல இலவசக் கருவி கிடையாது. கணக்கு திறக்க வேண்டாம், காசு வேண்டாம். டிராவிஸ் பசேவி உருவாக்கிய இந்தக் கருவியின் முகம் பழைய கணினித் திரைக் காலத்தது. கைபேசியில் திறந்தால் அட்டவணை பக்கவாட்டில் ஓடும், பெட்டிகள் விரலுக்குச் சிக்காது. கேள்வி போடுவதை மடிக்கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

அணிக்கான கேள்வியை இப்படிப் போடுங்கள். முதலில் வடிவம்: டெஸ்ட், ஒருநாள், டி20 இவற்றில் ஒன்று. அடுத்து பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று வரும் வரிசையில் 'டீம்'. பிறகு விரிவான ஃபில்டர் பக்கத்தில் அணிப் பெட்டியில் இந்தியா, 'ஹோம் ஆர் அவே'யில் சொந்த மண்ணா வெளிநாடா, தேதிப் பெட்டியில் தொடக்கமும் முடிவும். கடைசியாக, பதில் எந்த உருவில் வேண்டும் என்பது. மொத்தக் கணக்கு ஒரே வரியாக வரும். 'மேட்ச் ரிசல்ட்' என்று மாற்றினால் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வரி. இரண்டையும் பார்க்காமல் எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள். மொத்தக் கணக்கில் ஒளிந்திருப்பது ஆட்டப் பட்டியலில் பளிச்சென்று தெரியும்.

பதில் வந்ததும் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். நீங்கள் போட்ட ஃபில்டர் எல்லாம் அந்த முகவரியிலேயே இருக்கும். 'கிளாஸ்' என்ற சொல்லுக்குப் பின் 1 இருந்தால் டெஸ்ட், 2 ஒருநாள், 3 டி20, 11 அந்தக் கூட்டு வகை. 'டீம்' என்பதற்குப் பின் 6 என்றால் இந்தியா, 7 பாகிஸ்தான், 8 இலங்கை. ஒரு கேள்வியைச் சரியாக அமைத்துவிட்டால், எண்ணை மட்டும் மாற்றி மூன்று வடிவத்துக்கும் மூன்று பக்கம் புக்மார்க் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் முடிவுத் தேதியை மட்டும் நகர்த்தினால் போதும்.

இப்படி அமைத்த கேள்விகளில் எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம். முதல் இடம் டை. டை ஆன ஆட்டத்தைத் தீர்க்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரில் ஜெயித்தாலும் இந்தக் கருவிக்கு அந்த ஆட்டம் டைதான். 2020 தொடக்கத்தில் நியூசிலாந்தில் நடந்த டி20 தொடரை இந்தியா 5-0 என்று வென்றது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்டாட்ஸ்குருவில் தேடினால் 3 வெற்றி, 2 டை என்று வரும், ஏனென்றால் ஹாமில்டனும் வெலிங்டனும் சூப்பர் ஓவர். மேலே சொன்ன 2024 கணக்கில் வரும் டி20 டை இரண்டும் அதே ரகம்: ஜனவரியில் பெங்களூருவில் ஆப்கானிஸ்தானுடன் இரண்டு சூப்பர் ஓவர் வரை போனது, ஜூலையில் பல்லேகலேயில் இலங்கையுடன் ஆடியது. இரண்டிலும் தொடர்க் கணக்கில் இந்தியாவுக்கு வெற்றி. ஆகவே '26-ல் 24 வெற்றி' என்று ஒருவரும் '26-ல் 22' என்று இன்னொருவரும் சண்டை போட்டால், இருவருமே சரி. கொழும்பு ஒருநாள் டை மட்டும் வேறு: அங்கே சூப்பர் ஓவர் நடக்கவில்லை, இந்தியாவுக்கு ஒரு ரன் மட்டும் தேவை என்ற நிலையில் கடைசி இரண்டு விக்கெட்டும் அடுத்தடுத்த பந்தில் போனது.

மழையிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. டாஸ் போட்டபின் கைவிட்டால் அது ஆட்டக் கணக்கில் ஏறும், டாஸே போடாமல் போனால் ஏறாது. 2024 டி20 உலகக் கோப்பையில் லாடர்ஹில்லில் கனடாவுடன் நடக்கவேண்டிய ஆட்டம் டாஸ் இல்லாமலே போனது. அதனால் அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு 8 ஆட்டம், 8 வெற்றி என்றுதான் காட்டும்.

வெற்றி-தோல்வி விகிதம் என்ற பத்தி டெஸ்டில் பாதி உண்மைதான் சொல்லும். டிராவை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. 1954-55-ல் பாகிஸ்தானில் ஐந்து டெஸ்ட், 1960-61-ல் இந்தியாவில் ஐந்து டெஸ்ட், பத்தும் டிரா. விகிதம் போட அங்கே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. தோல்வி பூஜ்யமானால் வகுக்க வழியில்லாமல் கோடு போட்டு விட்டுவிடும். டெஸ்டுக்கு வெற்றி, தோல்வி, டிரா மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதிக்கொள்வதே சரி.

அந்த வரிசையில் 'ஆவரேஜ்' என்று ஒரு பத்தி இருக்கும். அது அந்த அணி ஒரு விக்கெட்டுக்கு எடுத்த ரன். கொடுத்த ரன் எங்கே என்று தேடினால் கிடைக்காது. அதற்குத் தலைகீழாகக் கேட்க வேண்டும்: அணிப் பெட்டியைக் காலியாக விட்டு, எதிரணிப் பெட்டியில் இந்தியாவைப் போடுங்கள். இப்போது வரும் ஆவரேஜ் எதிராளிகள் இந்தியாவிடம் எடுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அணியின் உண்மையான உடல்நிலை. 2024 அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து 3-0 என்று வென்ற தொடரில் இந்தியா பெங்களூருவில் 46, 462, புணேயில் 156, 245, மும்பையில் 263, 121. ஆறு இன்னிங்ஸும் ஆல் அவுட், 1293 ரன், 60 விக்கெட், விக்கெட்டுக்கு 21.55. நியூசிலாந்து 52 விக்கெட் இழந்து 1435, விக்கெட்டுக்கு சுமார் 27.6. விக்கெட்டுக்கு ஆறு ரன் பின்னால். மும்பையில் 25 ரன்னில்தான் தோற்றோம் என்று ஆறுதல் சொல்பவருக்கு இந்த ஆறு ரன்னைக் காட்டலாம்.

'மேட்ச் ரிசல்ட்' ஃபில்டரில் தோல்வியை மட்டும் கேட்பது இந்தக் கருவியின் மிக நல்ல பயன்பாடு. டெஸ்ட், இந்தியா, சொந்த மண், 2013 ஜனவரி முதல் 2024 செப்டம்பர் வரை, தோல்வி மட்டும் என்று கேளுங்கள். நான்கே வரி வரும்: 2017 புணே, ஆஸ்திரேலியாவிடம் 333 ரன்னில். 2021 சென்னை, இங்கிலாந்திடம் 227 ரன்னில். 2023 இந்தூர், ஆஸ்திரேலியாவிடம் 9 விக்கெட்டில். 2024 ஹைதராபாத், இங்கிலாந்திடம் 28 ரன்னில். கிட்டத்தட்ட பன்னிரண்டு ஆண்டில் நான்கு. முடிவுத் தேதியை 2025 நவம்பர் கடைசிக்கு நகர்த்துங்கள், பட்டியல் ஒன்பதாகும். நியூசிலாந்திடம் மூன்று, பிறகு தென்னாப்பிரிக்காவிடம் கொல்கத்தாவில் 30 ரன், குவாஹாட்டியில் 408 ரன். பதின்மூன்று மாதத்தில் ஐந்து. இதே காலத்தில்தான் சாம்பியன்ஸ் டிராஃபியும் ஆசியக் கோப்பையும் வந்து சேர்ந்தன. கூட்டு வகையை ஏன் ஒதுக்கச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சொந்த மண், வெளிநாடு என்ற பிரிவில் மூன்றாவதாக 'நியூட்ரல்' ஒன்று இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுவார்கள். 2021-ல் சவுத்தாம்ப்டனிலும் 2023-ல் ஓவலிலும் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டங்கள் இந்தியாவுக்கு 'வெளிநாடு' கணக்கில் வராது, எதிரணி இங்கிலாந்து இல்லை என்பதால். 'வெளிநாட்டுத் தோல்வி' என்று கேட்டால் இரண்டும் காணாமல் போகும். நடத்தும் நாடு என்ற பெட்டியில் இங்கிலாந்தைப் போட்டால் திரும்பி வரும். இன்னொரு பக்கம், 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் இந்தியா ஆடிய ஐந்து ஆட்டமும் துபாயில், ஒரே மைதானத்தில், ஐந்திலும் வெற்றி. மற்ற அணிகள் பாகிஸ்தானுக்கும் துபாய்க்கும் பறந்துகொண்டிருந்தன. ஸ்டாட்ஸ்குருவுக்கு அது 'நியூட்ரல்'. தப்பில்லை, ஆனால் அந்தச் சொல்லை அப்படியே நம்பக்கூடாது.

மைதானப் பெட்டியில் ஊர்ப்பெயரை நம்பினாலும் வழுக்கும். 'சென்னை' என்று இரண்டு மைதானம் உண்டு. 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும், 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் டை ஆனதும் சேப்பாக்கத்தில். 1956 முதல் 1965 வரை நடந்த சென்னை டெஸ்ட்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இன்றைய நேரு ஸ்டேடியம். மன்கட், பங்கஜ் ராய் தொடக்க ஜோடி சேர்த்த 413 ரன் அங்கேதான் வந்தது. சென்னைக் கணக்கு வேண்டுமானால் இரண்டையும் கூட்டுங்கள்.

ஆண்டு வாரியாகப் பார்ப்பதிலும் ஒரு வெட்டு விழும். ஆட்டம் தொடங்கிய தேதிதான் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நடந்த 2024-25 பார்டர்-கவாஸ்கர் டெஸ்ட் தொடரை இந்தியா 1-3 என்று இழந்தது. 2024-க்குள் அதில் பெர்த் வெற்றி, அடிலெய்ட் தோல்வி, பிரிஸ்பேன் டிரா, மெல்போர்ன் தோல்வி மட்டும் வரும். சிட்னி 2025-க்குப் போய்விடும். டெஸ்டுக்கு ஆண்டைவிட 'சீசன்' என்ற பிரிவே நல்லது.

ஒரே நீலச் சட்டைக்குள் எந்த அணி இருந்தது என்பதும் டி20-ல் முக்கியம். 2021 ஜூலையில் முதல் அணி இங்கிலாந்தில் இருக்க, ஷிகர் தவான் தலைமையில் இன்னொரு அணி இலங்கை போய் டி20 தொடரை 1-2 என்று இழந்தது. 2023 ஹாங்சௌ ஆசிய விளையாட்டுக்கு ருதுராஜ் கெய்க்வாட் தலைமையில் போனது வேறு அணி. 2024 ஜூலையில் உலகக் கோப்பை வென்ற கையோடு ஹராரே போன சுப்மன் கில் அணி முதல் ஆட்டத்தில் ஜிம்பாப்வேயிடம் 13 ரன்னில் தோற்றது. மூன்றும் அதிகாரப்பூர்வ இந்தியக் கணக்கு. நடுவில் ஒரு தேதித் துண்டை மட்டும் விலக்க ஃபில்டர் இல்லை. அந்தத் தொடரைத் தனியாகக் கேட்டு, கையால் கழிக்க வேண்டும்.

டி20-ல் எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தும்போது கவனம். 2019 ஜனவரி 1 முதல் ஐசிசி உறுப்பு நாடுகள் தங்களுக்குள் ஆடும் எல்லா ஆண்கள் டி20-க்கும் சர்வதேசத் தகுதி உண்டு. அதிகபட்ச ஸ்கோர் கேட்டால் ஜிம்பாப்வே காம்பியாவுக்கு எதிராக எடுத்த 344 முன்னால் வரும். எதிரணிப் பெட்டியில் டெஸ்ட் ஆடும் நாடுகளை மட்டும் போட்டால்தான் ஒப்பீட்டில் அர்த்தம் இருக்கும். ஒருநாளின் ஓவருக்கு ரன் பத்தியிலும் இதே எச்சரிக்கை: 1975 உலகக் கோப்பையில் இந்தியா இங்கிலாந்துக்கு எதிராக 60 ஓவர் ஆடி 3 விக்கெட்டுக்கு 132 எடுத்தது. அதையும் இன்றைய 50 ஓவர் ஆட்டத்தையும் ஒரே சராசரியில் போடும் பத்தி அது.

இந்தக் கருவியிடம் கேட்கக்கூடாதவையும் உண்டு. பவர்பிளேயில் எத்தனை, கடைசி ஐந்து ஓவரில் எத்தனை என்ற பந்துவாரிக் கேள்விக்கு கிரிக்‌ஷீட் தளத்திலிருந்து கோப்புகளை இறக்கி நீங்களே கணக்குப் போட வேண்டும். அதுவும் இலவசம், ஆனால் கொஞ்சம் நிரல் எழுதத் தெரிய வேண்டும். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளியும் இங்கே கிடையாது. வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4, ஓவர் வேகம் குறைந்தால் அபராதக் கழிவு, கடைசியில் விழுக்காடு என்று அது தனிக் கணக்கு. 2023-25 சுற்றில் இந்தியா 50 விழுக்காட்டோடு மூன்றாவதாக முடித்தது ஐசிசி பட்டியலில்தான் தெரியும்.

மகளிர் அணிக்கு டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றும் தனி வகைகளாக இருக்கின்றன. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்த அணியைத் தேட, ஆண்கள் பக்கத்து முகவரியில் வடிவ எண்ணை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. அணி எண்ணும் வேறு. முதலிலிருந்து ஒருமுறை கேள்வி போட்டு, அதற்கும் மூன்று புக்மார்க் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.