லென்ஸ் பிளேடு ஒட்டிக்கொண்டால் “மழை ஈரம்” என்பார்கள், நம்பாதீர்கள்

பர்மாவின் யாங்கோனில், அதாவது ரங்கூனில், பழைய லென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுத்து 1,40,000 சாட் (பர்மியப் பணம்) ஏமாந்தேன். அந்தப் பழுதுபார்ப்பை நம்பி நான் எடுத்த படங்களில் 22 வீணாயின. பணத்தைவிட அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

லென்ஸ் என் சித்தப்பாவுடையது. நிக்கான் மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ., எஃப் 2.8. கப்பலில் வேலை பார்த்தபோது ஜப்பானில் வாங்கியது. 25 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் போய்ப் படமெடுக்கும், அதனால் பழைய போட்டோக்களையும் கடிதங்களையும் நகலெடுக்க இதைவிடத் தோதான லென்ஸ் என்னிடம் இல்லை. நான்கு வருடமாக அந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். 1964இல் கடைகள் அரசுடைமையானபோது கப்பலேறிப் போன குடும்பங்கள் விட்டுச் சென்ற ஆல்பங்கள், இங்கேயே தங்கியவர்களின் கல்யாணப் படங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லின் ஊர்க் கோயில் திருவிழாக்கள், எல்லாம் பூஞ்சை தின்றுகொண்டிருக்கின்றன. வீடு வீடாகப் போய் நகலெடுத்து, குடும்பத்தாருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன்.

ஏப்ரலில் கோளாறு தெரிந்தது. எஃப் 8இல் (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் நுழையும் துளை சிறிதாகும்) வைத்து எடுத்த படங்களில் சில சரியாக வந்தன, சில வெளுத்துப் போயின. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் பிளேடுகளின் மேல் பெட்ரோல் சிந்திய தண்ணீர்போல வானவில் நிறம் மினுங்கியது. பின்னாலிருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டு விரலை எடுத்தால் பிளேடுகள் டக்கென்று மூட வேண்டும். என்னுடையது சோம்பலாக, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் மூடியது.

கேமராவில் மாட்டியிருக்கும்போது இந்த வகை லென்ஸ் முழுக்கத் திறந்தபடிதான் இருக்கும். நாம் பொத்தானை அழுத்திய பிறகு, ஷட்டர் திறப்பதற்குள், ஒரு சுருள்வில் பிளேடுகளை இழுத்து எஃப் 8க்கோ 11க்கோ கொண்டுவர வேண்டும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது. பிளேடுகளோ காகிதத்தைவிட மெல்லியவை, ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பவை. நடுவில் துளி எண்ணெய்ப் படலம் வந்தாலும், ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள்போல ஒட்டிக்கொள்ளும். எஃப் 8க்கு வர வேண்டியது 2.8லேயே நின்றுவிட்டால் மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். படத்தில் முகம் இருந்த இடம் வெள்ளைத் தாளாகிவிடும்.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் நகரத்துக்குள் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பெயரைப் போடவில்லை. கடைக்காரர் தமிழ்ப் பையன். வாய் நிறைய “அக்கா” என்று கூப்பிட்டார், என் ஊர் விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். பர்மியரிடம் கொடுப்பதைவிட நம்ம பையனிடம் கொடுப்போம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்று இப்போது சொல்கிறேன். கைவேலையை மொழியை வைத்து எடைபோடக் கூடாது.

“அக்கா, பிளேடு தேஞ்சு போச்சு. ஏழையும் மாத்தணும். ஜப்பான் சாமான், நம்மகிட்ட இருக்கு” என்றார். புது பிளேடு ஏழுக்கு 60,000, சர்வீஸுக்கு 80,000. மறுநாள் சாயங்காலமே தயார். ரசீதில் “பிளேடு 7 புதிது” என்று அவரே எழுதிக் கொடுத்தார். கடையில் வைத்து நெம்புகோலைத் தள்ளிக் காட்டினார். டக், டக். மனம் குளிர்ந்துபோய் வந்தேன்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண்ணெய் பட்ட பிளேடு தேய்ந்த பிளேடு ஆகாது. அதைத் துடைத்தால் போதும், மாற்றத் தேவையில்லை. இரண்டாவது, நாற்பது வருடத்து லென்ஸுக்குப் பிளேடு வேண்டுமென்றால் பெரும்பாலும் உடைந்த இன்னொரு லென்ஸைப் பிரித்துத்தான் எடுக்க முடியும். அது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஜூனில், நல்ல மழையில், தன்லினில் ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். 64 படங்கள் உள்ள ஆல்பம். அவர் மகன் மறுநாள் அதைச் சென்னைக்கு எடுத்துப் போகிறார், அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் காட்ட. கரண்ட் போய் பேட்டரி விளக்கில் வேலை. முதல் பத்துப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தன. விளக்கு அணைவதற்குள் முடிக்க வேண்டுமே என்று மீதியை வேகமாக எடுத்துக்கொண்டு படகேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் 22 படங்கள் வெளுத்துக் கிடந்தன. பெரியம்மாவின் அப்பா வேட்டி, கோட்டுடன் நிற்கும் படம் ஒன்று. கோட்டு தெரிகிறது, முகம் இல்லை. வெளுக்காத படங்களிலும் ஒரு மூட்டம், பனிக்குள் எடுத்ததுபோல.

மறுநாளே கடைக்குப் போனேன். “அக்கா, மழைக்காலம். காத்துல இருக்குற ஈரம் உள்ள போயி பிளேட்ல ஒட்டிக்கும், அதுக்கு நான் என்ன பண்றது? மறுபடி சர்வீஸ் பண்ணணும்னா அம்பதாயிரம் ஆகும்” என்றார். கழற்றிய பழைய பிளேடுகளைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டாராம்.

இந்த ஈரக் கதையை இங்கே பலர் நம்புவார்கள், ஏனென்றால் பாதி உண்மை. மே முதல் அக்டோபர் வரை இந்த ஊர் ஈரம் லென்ஸுக்கு எமன்தான். ஆனால் ஈரம் கொண்டுவருவது பூஞ்சையை. கண்ணாடியில் சிலந்தி வலைபோல வெள்ளை இழை படரும், அது வேறு நோய். எண்ணெய் மழையில் வருவதில்லை. அது லென்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. ஃபோகஸ் வளையம் சுற்றும் மரைகளில் கம்பெனியே கிரீஸ் வைத்திருக்கும். பல வருடம் ஆனால், அதிலும் சூட்டில் இருந்தால், அந்த கிரீஸ் பிரிந்து எண்ணெய் தனியாகக் கசிந்து பிளேடுக்கு ஊர்ந்து வரும். என் லென்ஸ் தகரக் கூரைக்கு நேர் கீழே இரும்பு அலமாரியில் இருந்தது. ஏப்ரல் வெயிலில் அந்த அலமாரியைத் தொட முடியாது. அது என் தவறு, இப்போது கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டேன். இந்த 55 மி.மீ. லென்ஸ் இந்தக் கோளாறுக்குப் பேர்போனது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் ஜேனா லென்ஸ்கள் சிலவும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு நண்பர் சொல்லி, கேமரா வேலையிலேயே முடி நரைத்த ஒரு பர்மியப் பெரியவரிடம் போனேன். எல்லாரும் அவரை “சயா” என்கிறார்கள், நம் “வாத்தியார்” மாதிரி. கடை கிடையாது, வீட்டு ஜன்னலோரம் ஒரு மேசை. லென்ஸைத் திருப்பிப் பார்த்ததும் முதலில் திருகாணிகளைக் காட்டினார். பின்வளையத்தில் ஐந்தில் மூன்றின் தலை வழிக்கப்பட்டிருந்தது. ஜப்பான்காரர்களின் சிலுவைத் திருகாணிக்கு என்று தனி அளவு முனை உண்டு, ஜே.ஐ.எஸ். என்பார்கள். சந்தையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் முனையைப் போட்டு அழுத்தினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். “தமீ, இதைத் திறந்தவனிடம் சரியான ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை” என்றார். தமீ என்றால் மகள்.

என் முன்னாலேயே திறந்தார். பிளேடுகள் எண்ணெயில் நனைந்திருந்தன, நான் ஏப்ரலில் பார்த்ததைவிட அதிகமாக. ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். தையல் மெஷின் எண்ணெய் வாடை. எங்கள் வீட்டில் அம்மா தைத்தவர், அந்த வாடை எனக்குத் தெரியாமல் போகுமா? ஒட்டியிருந்த பிளேடுகள் இளகட்டும் என்று அந்தக் கடைக்காரர் எண்ணெய் விட்டிருக்கிறார். இளகும்தான், சில நாளைக்கு. அப்புறம் அந்த எண்ணெய் பரவி முன்னைவிட மோசமாக ஒட்டும். சூட்டில் ஆவியாகி உள் கண்ணாடியில் படியும். என் படங்களில் தெரிந்த மூட்டம் அதுதான். பிளேடுக்கு எந்த எண்ணெயும் எப்போதும் கூடாது, உலர்ந்துதான் ஓட வேண்டும் என்று சயா இரண்டு தடவை சொன்னார்.

பிளேடு புதிதா? ஏப்ரலில் கோளாறைப் பார்த்த அன்று, நண்பருக்குக் காட்டுவதற்காக மொபைலில் ஒரு படம் எடுத்திருந்தேன். ஒரு பிளேடின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு போய் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாகத் தெரியும். சயா பிரித்து வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கிய ஏழில் மூன்றாவதில் அதே இடத்தில் அதே வெள்ளை. 60,000 சாட்டுக்குப் புதிது என்று எனக்கு விற்றது என் சித்தப்பா லென்ஸின் சொந்தப் பிளேடையே.

சயாவின் வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. அதில் பாதி, கரண்ட் இல்லாததால் காலை வெளிச்சத்தில் மட்டும் செய்தது. ஃபோகஸ் மரையைப் பிரிக்கும்போது இரண்டு பாகமும் எந்த இடத்தில் விலகின என்று ஊசியால் கீறி வைத்தார். அதில் பல மரைகள் சேர்ந்து ஓடும், வேறு இடத்தில் நுழைத்துவிட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகவே ஆகாது. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்தார். பிளேடுகளை ஒவ்வொன்றாக லைட்டர் திரவத்தில் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினார். தெருவில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் ஆகாதா என்று கேட்டேன். இரண்டையும் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காயவிட்டார். லைட்டர் திரவம் தடயமில்லாமல் போனது, பெட்ரோல் ஒரு வளையம் விட்டுப் போனது. அந்த வளையம் பிளேடிலும் தங்கும் என்றார்.

திரும்ப அடுக்குவதுதான் கண்கொள்ளாக் காட்சி. பிளேடின் இரு முனையிலும் கடுகைவிடச் சின்ன ஊசிக்கால் இருக்கிறது. ஒன்று கழன்றாலும் அந்தப் பிளேடு போச்சு. ஆறு பிளேடுகளை வரிசையாக உட்காரவைத்து, ஏழாவதை முதலாவதன் அடியில் நுழைக்க வேண்டும். அவர் மூச்சை நிறுத்தித்தான் செய்தார். மூன்று முறை கலைந்தது, நான்காம் முறை உட்கார்ந்தது. மரைக்குக் கெட்டியான கிரீஸ், மிகக் கொஞ்சமாக. மொத்தக் கூலி 90,000 சாட். தலை வழிக்கப்பட்ட திருகாணிகளுக்குப் பதில் வேறு போட்டு, பழைய மூன்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் என்னிடம் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் முதலில் பிளேடுகளை எஃப் 16 அளவில் மூடி, வெளிச்சத்தில் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள், லென்ஸின் சீரியல் எண்ணோடு. எதை மாற்றினாலும் பழையது எனக்கு வேண்டும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். என் கதையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த 60,000 போயிருக்காது. மரையைப் பிரித்து கிரீஸ் மாற்றுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பிளேடை மட்டும் கழுவினால் எண்ணெய் வரும் வழி அப்படியே இருக்கிறது, சில மாதத்தில் திரும்பிவிடும். விலை குறைந்த லென்ஸுக்கு அது போதும் என்று நீங்களே முடிவு செய்தால் சரி, ஆனால் அதை அவர் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

எண்ணெய் தெரிந்தாலே பதறவும் வேண்டாம். ரஷ்ய ஹீலியோஸ் 44-2 போன்ற லென்ஸ்களில் பிளேடை நாமே வளையத்தால் மூடுகிறோம், சுருள்வில் அவசரம் கிடையாது. அவற்றில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் படம் கெடாது. அதைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. லென்ஸை விற்பவர் மிரர்லெஸ் என்கிற புதுவகை டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் என்கிற இணைப்பு வளையம் வைத்து மாட்டிக் காட்டுவார். அடாப்டர் பிளேடை முன்கூட்டியே மூடிவைத்துவிடும், சோம்பல் தெரியாது. கழற்றச் சொல்லி நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள். நிக்கானில் தள்ளினால் திறக்கும், விட்டால் மூடும். பென்டாக்ஸ் டகுமார் மாதிரி திருகி மாட்டும் லென்ஸ்களில் பின்னாலிருக்கும் ஊசியை அழுத்தினால் மூடும். எதுவானாலும் பத்து முறை தொடர்ந்து செய்யுங்கள். லென்ஸ் சூடாக இருக்கும்போது நன்றாக ஓடி, ஆறியதும் ஒட்டுவதும் உண்டு, அதனால் காலையில் போய்ப் பாருங்கள்.

ரசீதையும், ஏப்ரலில் எடுத்த படத்தையும், சயா பிளேடுகளை அடுக்கியபோது எடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு மூன்றாவது முறை போனேன். அரிசி முனை வெள்ளையைக் காட்டினேன். பையன் இந்தத் தடவை “அக்கா” என்று கூப்பிடவில்லை. 30,000 சாட்டை மேசைமேல் வைத்தார், மீதியைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்குள் நான் நின்ற நேரத்தில் இன்னொருவர் ஒரு கேனான் லென்ஸைக் கொடுக்க வந்திருந்தார், அவரை வெளியே கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

தன்லின் பெரியம்மாவிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆல்பம் தை மாதம் சென்னையிலிருந்து திரும்பி வருகிறதாம். வந்ததும் அந்த 22 படங்களையும் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.