நடு முதுகு வலிக்கு ஃபோம் ரோலர்: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

ஃபோம் ரோலர் என்கிற நுரை உருளையை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் தடித்த குளியல் துண்டை இறுகச் சுருட்டி, நடு முதுகுக்குக் குறுக்கே வைத்துப் படுத்துப் பாருங்கள். அது இதமாக இருந்தால் ரோலரும் உங்களுக்கு ஒத்துவரும். துண்டிலேயே வலி கூடினால் ரோலர் பக்கம் போக வேண்டாம்.

நான் திருச்சியில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் வேலையைவிடக் கைவேலைதான் முதுகை வாங்கும். கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் துணியை மடியில் போட்டுக்கொண்டு குனிந்தால், நிமிர்வதற்குள் ஒரு பிளவுஸ் முடிந்திருக்கும். முகூர்த்த மாதங்களில் வலது தோள்பட்டை எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஆணி இறங்கியதுபோல வலி. கையை நீட்டித் துணி வெட்டினால் அது விலா வரைக்கும் பாயும்.

இயன்முறை மருத்துவர் என் முதுகைத் தொடுவதற்கு முன் கேள்விகளாகத்தான் கேட்டார். மாலையில் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா, இரவில் படுத்தாலும் வலி விடுவதில்லையா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா? முதுகெலும்பில் வரும் காசநோய் நடு முதுகைத்தான் அதிகம் பிடிக்குமாம். அதனால் இந்தக் கேள்விகளைத் தாண்டாமல் அவர் யாருக்கும் பயிற்சி சொல்வதில்லை. நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் முதுகு வலித்தால் அது இதயமாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு இவற்றில் எதுவும் இல்லை.

நடு முதுகில் 12 எலும்புகள். ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் விலா எலும்பு பிணைந்திருக்கிறது. அந்தக் கட்டுமானத்தால் இங்கே டிஸ்க் பிதுங்குவது இடுப்பையும் கழுத்தையும்விடக் குறைவு. ஒரே நிலையில் மணிக்கணக்காகக் குனிந்திருந்தால் தசைகளும் சிறு மூட்டுகளும் இறுகிப்போகின்றன. என் வலியும் அந்த வகைதான்.

இனி ரோலருக்கு வருகிறேன். நான் வாங்கியது 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம், விலை 750 ரூபாய். முள் முள்ளாகப் புடைத்த வகையும் கடையில் இருந்தது; ஏற்கெனவே நோகிற முதுகுக்கு அது தேவையில்லை என்று வழவழப்பானதையே எடுத்தேன். பிரித்த புதிதில் ரப்பர் வாடை தாங்கவில்லை. மொட்டை மாடியில் நிழலில் போட்டுவைத்த பிறகு போய்விட்டது.

பாயில் உட்கார்ந்து, ரோலரைத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்துக்கு வைத்துச் சாய வேண்டும். இரு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு, இடுப்பைத் தரையில் ஊன்றி, மூச்சை விட்டபடி மெல்லப் பின்னால் வளைய வேண்டும். பிறகு ரோலரைக் கொஞ்சம் மேலே நகர்த்தி மறுபடியும். முதல் தடவை படபடவென்று சத்தம் கேட்டுப் பயந்துபோனேன். வலி இல்லாத சத்தத்துக்குப் பயம் வேண்டாமாம். கூடவே வந்த தாளில் கீழ் முதுகுக்கு அடியிலும் வைத்து உருட்டுவதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். அங்கே விலா எலும்பின் தாங்கல் இல்லை, வளைவு அளவுமீறிப் போகும் என்று மருத்துவர் அதைத் தடுத்துவிட்டார். எலும்புத் தேய்மானம் உள்ள மூத்த பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பலன்? படுத்து எழுந்ததும் முதுகு இளகிவிடுகிறது, மூச்சு ஆழமாகப் போகிறது. ஆனால் மறுநாள் மதியம் ஹெம்மிங்கில் உட்கார்ந்தால் இறுக்கம் திரும்பி வரும். வலியை நிஜமாகவே குறைத்தவை வேறு இரண்டு. வெட்டும் மேசைக் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து முழங்கை உயரத்துக்கு ஏற்றினேன். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கைகளைப் பின்னால் இழுக்கும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். அந்தப் பயிற்சிக்கு முதுகைத் தயார்ப்படுத்தவே ரோலர். அந்த அளவில் அது நல்ல பொருள். இத்தனை நாள் உருட்டியும் நசுங்கவில்லை. 5-க்கு 4 கொடுப்பேன்.

தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். தைக்கிறவர்களுக்கு அது உதவாது. கை முன்னால் நீண்டே இருப்பதால் பட்டை அக்குளை அறுக்கிறது. கழற்றிய அடுத்த நிமிடம் தோள் பழையபடி சரிகிறது. 5-க்கு 1, அதுவும் வெல்க்ரோவுக்காக. அதைப் பிரித்தெடுத்து ஒரு பள்ளிப் பைக்கு வைத்துத் தைத்துவிட்டேன், நன்றாக ஒட்டுகிறது.