கட்டில் போல்ட் வழுக்கினால்: எந்த வைத்தியம் நிலைக்கிறது

பெட்டியில் பிரித்து வரும் கட்டிலில் தலைமாட்டையும் பக்கச் சட்டத்தையும் இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட். கூடவே எல் வடிவில் ஒரு 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) தருவார்கள். அது முதல் முறை பூட்டத்தான் லாயக்கு. இரண்டு வீடு மாறியதும் சாவி முனை மழுங்கியிருக்கும், போல்ட்டின் அறுகோணக் குழியும் வட்டமாகியிருக்கும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். சாவி மட்டும் சுற்றி, தலை அசையவில்லையா? குழி தேய்ந்திருக்கிறது. தலையும் சேர்ந்து சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லையா? மரை போயிருக்கிறது, இல்லையென்றால் பலகைக்குள் பதித்த நட் போல்ட்டோடு சுற்றுகிறது. இரண்டாவது ரகத்துக்குத் தலையின் அடியில் தட்டைத் திருப்புளியைக் கொடுத்து நெம்பிக்கொண்டே இடப்பக்கம் திருப்பினால் பல சமயம் ஏறி வந்துவிடும்.

குழி தேய்ந்ததற்குச் சாவிக்கும் குழிக்கும் நடுவே ரப்பர் பேண்ட் வைக்கச் சொல்வார்கள். கூட்டல் குறி வெட்டுள்ள ஸ்டார் ஸ்க்ரூவுக்கு எப்போதாவது பலிக்கும். ஆலன் குழியில் ரப்பர் கிழிவதுதான் மிச்சம். நன்றாக வேலை செய்வது டார்க்ஸ் பிட், அதாவது ஆறு முனை நட்சத்திர வடிவத் திருப்புளி முனை. 4 மி.மீ. குழிக்கு டி27 என்ற அளவை எடுங்கள். அதன் முனை சுமார் 5 மி.மீ., கையால் அழுத்தினால் நுழையாது. குழியில் சேர்ந்த மரத்தூளை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, சுத்தியலால் நான்கைந்து தட்டு தட்டுங்கள். பிட்டின் பற்கள் இரும்பில் புதைந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கைத் திருப்பிதான். டிரில்லின் வேகம் பிடித்த பிடியை விடுவித்துவிடும். பார்ட்டிக்கிள் போர்டாக இருந்தால் சுத்தியல் அடிக்கு அது விரியும், பின்பக்கம் மரக்கட்டை முட்டுக்கொடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தலையை வெட்டியெடுக்க வேண்டியதுதான். இரும்பைத் துளைக்கும் 6.5 மி.மீ. எச்எஸ்எஸ் டிரில் பிட், மெதுவான வேகம், குழியின் நடுவே. தலை தனியே கழன்றதும் சட்டத்தை உருவி, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பலாம். துளைக்குள் இறங்கிக் கவ்வி போல்ட்டைக் கழற்றும் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரை நாம் சிபாரிசு செய்வதில்லை. அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது.

மாற்று போல்ட் வாங்குவதில்தான் நீண்டகாலப் பலன் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் 8.8 அல்லது 12.9 தர (உறுதியைக் குறிக்கும் எண்) ஆலன் போல்ட் கேளுங்கள். உருளைத் தலை எம்6-க்கு 5 மி.மீ. சாவி, ஆழமான குழி, சீக்கிரம் தேயாது. ஆனால் தலை 10 மி.மீ.தான், மரத்தில் அமுங்கிவிடும். 18 மி.மீ. அகல வாஷர் கட்டாயம். கறுப்பு போல்ட் கடலோர ஊரில் துருப்பிடிக்கும், துத்தநாகப் பூச்சு இருப்பது மேல். நீளத்தைப் பழைய போல்ட்டை வைத்து அளந்தே வாங்குங்கள். 10 மி.மீ. கூடினால் நுனி துளையின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியது போலிருக்கும், மூட்டோ ஆடும். இதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் அழுத்தித் திருப்பியே புது குழியையும் தேய்ப்பவர்கள் உண்டு.

பலகையில் மரை போன துளைக்குத் தீக்குச்சியும் ஃபெவிகாலும் அலமாரிக் கீலுக்குப் போதும். கட்டில் மூட்டுக்கு அது தாங்காது, ஆட்டத்தில் பொடிந்துவிடும். துளையைப் பெரிதாக்கி, பித்தளை மரை நட்டை அரால்டைட் பசையில் பதித்து ஒரு நாள் விட்டுப் பூட்டினால் நிற்கும்.

பூட்டும்போது முதலில் கையால் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரை பொருந்தும் இடத்தில் 'டக்'கென்று ஒரு சிறு இறக்கம் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். எல்லாப் போல்ட்டையும் முக்கால்வாசி ஏற்றிய பிறகே ஒவ்வொன்றாக இறுக்குங்கள்; ஒரு மாதம் கழித்து கால் சுற்று மறுபடி. அங்குல அளவுச் சாவிக் கொத்தைத் தொடவே வேண்டாம்: 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ., 5 மி.மீ. குழியில் லொடலொடவென்று ஆடும்.