ஃப்ளையிங் கீஸ்: ஒவ்வொன்றாகவா, நான்கு நான்காகவா?

அமெரிக்கக் குயில்ட் போர்வைகளில், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைகளில், நெடுங்காலமாக வரும் வடிவம் ஃப்ளையிங் கீஸ். நடுவில் பெரிய முக்கோணம், அதன் இரு தோள்களிலும் சின்ன முக்கோணங்கள். தைத்து முடித்தபின் 4 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொன்றாகத் தைக்க, 2½ × 4½ அங்குலச் செவ்வகம் ஒன்றும் 2½ அங்குலச் சதுரங்கள் இரண்டும் போதும். சதுரத்தைச் செவ்வகத்தின் ஓரத்தில் வைத்து, மூலைக்கு மூலை தைத்து, தையலுக்கு வெளியே உள்ள மூலையை வெட்டித் திருப்பினால் சரி; மறு ஓரத்திலும் அப்படியே. கணக்கு சுலபம். ஆனால் வெட்டியெறியும் மூலைகள் மேசையில் குவிவதைப் பார்த்தால் மனசு கேட்காது.

நான்கு நான்காகத் தைக்க, 5¼ அங்குலச் சதுரம் ஒன்று, 2⅞ அங்குலச் சதுரங்கள் நான்கு. பெரியதின் மூலையில் சின்னதை வைத்து, சின்னதின் மூலைவிட்டக் கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்ட வேண்டும். துணி அநேகமாக வீணாகாது. தையல் துணியின் சாய்வில் ஓடுவதால் இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள், இழுத்தால் நெளியும்.

ஒரே நிறத்தில் நாற்பது, ஐம்பது வேண்டுமென்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஒவ்வொன்றும் வேறு துணியென்றால் முதலாவது. எதுவானாலும் முக்கோண முனைக்கு மேலே கால் அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தையலில் முனை மழுங்கிவிடும்.