ஊழியத்துக்குப் போகிறவர்கள் என்ன ஷூ வாங்கலாம்: 19 மாதம் நடந்து பார்த்துச் சொல்கிறேன்

நாள் முழுக்க நடக்கிற வேலைக்குக் கறுப்புத் தோல் ஷூ தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஊழிய அழைப்பு வந்துவிட்டது, சாமான் பட்டியல் கையில் இருக்கிறது, அதில் ஷூ என்று போட்டிருக்கும் வரிக்கு நேரே எதை வாங்குவது என்று முழித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக. நான் 18 வயதில் கிளம்பினேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஆண்களுக்கு ஊழியம் 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். மார்மன் மிஷனரி என்றுதான் தெருவில் எல்லோரும் எங்களைச் சொல்வார்கள், ஆனால் 2018 முதல் சபை தன் முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறது, அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய நகரம். சைக்கிள் கிடையாது. ரயில், பஸ், மிச்சமெல்லாம் நடை, அப்புறம் மாடிப்படி.

கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. நான் வாங்கிய மாடல் இப்போது வருவதில்லை, அதோடு பெயரைவிட அது எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம் என்று இரண்டு வருடத்தில் புரிந்துகொண்டேன். நான் சொல்லப்போவது வெல்ட் தையல் போட்ட (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), ரப்பர் அடிப்பாகம் உள்ள, லேஸ் கட்டும் கறுப்பு ஷூ. இந்த வகையைப் பல கம்பெனிகள் செய்கின்றன.

முதலில் நான் செய்த தவறு. கிளம்பும்போது இரண்டு ஜோடி எடுத்துப்போனேன். ஒன்று லேஸ் இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் வகை, இன்னொன்று எடை குறைவான, பார்க்க மிடுக்கான, அடிப்பாகத்தைப் பசையால் ஒட்டிய ஷூ. கடையில் போட்டு நான்கு அடி நடந்தபோது பஞ்சு மாதிரி இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு மழை நாளில், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் வலது ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்தது. ஒவ்வொரு அடிக்கும் அடிப்பாகம் கீழே தொங்கி மடங்கும், நான் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். ஈரத்தில் சாக்ஸ் நனைந்து, மாலைக்குள் கட்டைவிரல் பக்கத்தில் ஒரு கொப்புளம், குதிகாலில் ஒன்று.

வேறு வேலையாக இருந்தால் நான் மட்டும் வலியோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஊழியத்தில் அப்படி இல்லை. நாங்கள் எப்போதும் இரண்டு பேர், ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே மற்றவர் இருக்க வேண்டும். என் காலில் கொப்புளம் என்றால் இரண்டு பேரின் நடையும் பாதியாகிவிடும். அன்றைக்கு எங்களுக்கு மூன்று வீட்டில் வரச்சொல்லி நேரம் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குத்தான் போக முடிந்தது. என் தோழர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, "எல்டர், என் தோளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார் (ஊழியத்தில் ஆண்களை எல்டர் என்றுதான் கூப்பிடுவோம்). எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காத்திருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் வர முடியாத காரணத்தைப் போனில் சொன்னபோது வெட்கமாகவும் இருந்தது.

அடுத்து வந்த ஆயத்த நாளில் போய் வாங்கியதுதான் இந்த ஷூ. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத என்று கொடுக்கும் நாள் அது. ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, நம் சேமிப்பும் வீட்டார் கொடுப்பதும்தான் செலவுக்கு, அதனால் இரண்டாவது தடவை தப்பாக வாங்க எனக்கு வழியில்லை. சபைக் கூட்டத்தில் ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்க ஷூ பழுது பார்த்தவர், என் கிழிந்த ஷூவைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்து, இதைத் திரும்ப ஒட்டலாம், மறுபடி இதே இடத்தில்தான் விடும் என்றார். பிறகு தன் ஷூவைக் கழற்றிக் காட்டினார். மேல் தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டை ஓடுகிறது, அதுதான் வெல்ட். மேல் தோலை அந்தப் பட்டையோடு ஒரு தையல் பிடிக்கிறது, பட்டையை அடிப்பாகத்தோடு இன்னொரு தையல் பிடிக்கிறது. தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்து, புது அடிப்பாகம் வைத்துத் தைத்துவிடலாம், மேல் தோலில் கை வைக்கவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் (வல்கனைஸ் செய்யும்) முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரோடு சேர்ந்தது அந்த இயந்திரம், அதனால்தான் கடையில் குட்இயர் வெல்ட் என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: பசையால் ஒட்டிய ஷூவிலும் ஓரத்தில் அழகுக்குத் தையல் மாதிரி கோடு போட்டிருப்பார்கள். ஷூவைத் திருப்பி அடியில் பாருங்கள். அங்கே ஓரத்தையொட்டிப் பள்ளத்துக்குள் தையல் ஓடினால் நம்பலாம். அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

சரி, போட்டு நடந்த கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் மோசம். இதை மறைக்க மாட்டேன். தோல் விறைப்பாக இருந்தது, குதிகால் பக்கம் உரசியது, எடையும் பழைய ஷூவைவிடக் கூடுதல். காலை 6:30-க்கு எழுந்து, உடற்பயிற்சி, சாப்பாடு, வேதம் படிப்பு எல்லாம் முடித்துக் கிளம்பினால் இரவு 9 மணி வாக்கில்தான் அறைக்குத் திரும்புவோம், அதுவரை ஷூ காலில்தான். அந்த இரண்டு வாரமும் நான் பையிலேயே கொப்புளத்துக்கான பிளாஸ்திரி வைத்திருந்தேன். ஆனால் மூன்றாவது வாரம் ஏதோ மாறியது. உள்ளே பாதத்துக்கு அடியில் தக்கை அடுக்கு ஒன்று இருக்கிறது, நம் எடையில் அது மெல்ல அமுங்கி நம் பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஊழியம் முடிகிறவரை எனக்குக் கொப்புளம் வந்ததில்லை. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டிலும் தெருவிலும் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

மாடிப்படியில்தான் ஷூவின் குணம் தெரியும். பெரிய நகரத்தில் ஜனங்கள் மேலே மேலே வாழ்கிறார்கள். லிஃப்ட் இல்லாத கட்டிடங்களில் ஐந்து மாடி ஏறி, கதவு தட்டி, இப்போது நேரமில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, ஐந்து மாடி இறங்குவோம். இறங்கும்போது கால் முன்னால் சரிந்து விரல் நுனி ஷூவின் மூக்கில் இடிக்கும், அப்படி இடித்து இடித்து நகம் கறுத்துப்போன தோழர்களைப் பார்த்திருக்கிறேன். லேஸ் இருந்தால் மேலே இறுக்கிக் கட்டிக் குதிகாலைப் பின்னாலேயே பிடித்துவைக்கலாம். நுழைத்துக்கொள்ளும் ஷூவில் அதற்கு வழியே இல்லை. முன்பக்கத்தில் நீளமான விரலுக்கு அப்பால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும், காலையில் சரியாக இருக்கும் ஷூ அந்த நேரத்துக்குப் பிடிக்கும்.

ரப்பர் அடிப்பாகம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தோழர்களில் ஒருவர் தோல் அடிப்பாகம் வைத்த அழகான ஷூ கொண்டுவந்திருந்தார். மழையில் ரயில் நிலையத்தின் பளிங்குத் தரையில் வழுக்கி முழங்காலில் அடிபட்டு மூன்று நாள் அறையிலேயே இருந்தார், அவர் இருந்ததால் நானும் இருந்தேன்.

இப்போது லேஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், வீட்டுக்கு வீடு கழற்றி மாட்ட நேரமாகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் போன பல வீடுகளில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைகூட ஆகும். நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் நடப்பதைப் பாருங்கள்.

ஒரு முறை நான்காவது மாடியில் ஒரு வீடு. அவருக்கு அறுபது வயது இருக்கும். நாற்பது நிமிடம் நாங்கள் பேசியதை மரியாதையாகக் கேட்டார், எதுவும் கேட்கவில்லை, நாங்கள் கொடுத்த மார்மன் புத்தகத்தை, அதாவது எங்கள் சபையின் வேதநூலை, மடியில் வைத்துக்கொண்டிருந்தார், திறக்கவில்லை. ஜெபம் செய்துவிட்டு எழுந்தோம். என் தோழர் ஏற்கெனவே வெளியே போய்விட்டார். நான் வாசல்படியில் ஒரு முழங்காலை ஊன்றி இடது ஷூவின் லேஸைக் கோத்துக்கொண்டிருக்கிறேன், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடும்போது மெதுவாகச் சொன்னார், மனைவி போன வருடம் இறந்துவிட்டாள், அவளைத் திரும்பப் பார்ப்போம் என்று நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா என்று. குடும்பம் மரணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பது எங்கள் விசுவாசத்தின் நடுநாயகமான விஷயம், அதைத்தான் உள்ளே நாற்பது நிமிடமும் சுற்றிச் சுற்றிப் பேசியிருந்தோம். ஆனால் உள்ளே நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது அவரால் கேட்க முடியவில்லை. நான் தலையைக் குனிந்து லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார். நான் லேஸை அப்படியே விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆமாம், நம்புகிறேன் என்றேன். அரைமணி நேரம் அவர் மனைவியைப் பற்றி மட்டும் பேசினார்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை, மனதில் இருப்பதை ஜனங்கள் வாசலில்தான் சொல்கிறார்கள், கிளம்புகிறவன் குனிந்து எதையோ செய்துகொண்டிருக்கும்போது. காலை நுழைத்துக்கொண்டு இரண்டு விநாடியில் கிளம்பியிருந்தால் அந்தப் பேச்சு எனக்குக் கிடைத்திருக்காது. அதன்பிறகு லேஸை நிதானமாகத்தான் கட்டினேன், என் தோழர்களும் அவசரப்படுத்தவில்லை.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. ஒரே ஜோடியைத் தினமும் போடாதீர்கள், தோல் உள்ளே இருக்கும் வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும். நான் லேஸ் இல்லாத பழைய ஜோடியை, நடை குறைவான நாட்களுக்கு என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டேன், ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வந்து பெட்டி கட்டும்போது இரண்டு ஜோடியும் சுமைதான், ஆனாலும் வேண்டும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் காயவிடுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். பாலிஷ் வாரம் ஒருமுறை போதும், தினமும் துணியால் தூசியைத் துடைத்துவிட வேண்டும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்லிய கம்பளி கலந்த சாக்ஸ் எனக்கு வெயில் காலத்திலும் சரியாக இருந்தது.

அடிப்பாகம் இரண்டு தடவை மாற்றினேன். என் நடையில் குதிகாலின் வெளிப்பக்கம்தான் சீக்கிரம் தேய்கிறது, அந்தச் சரிவைக் கவனிக்காமல் விட்டால் கணுக்கால் வலிக்கும், அதனால் குதிப்பட்டையை மட்டும் இடையிலும் மாற்றிக்கொண்டேன். முதல் தடவை மேலே சொன்ன பெரியவரே செய்துகொடுத்தார். பழைய அடிப்பாகத்தைப் பிரித்ததும் உள்ளே தக்கையில் என் ஐந்து விரலும் பதிந்திருந்ததை எனக்குக் காட்டினார். இன்னொரு நகரத்துக்காரனின் பாதத்தின் அச்சு அவர் கையில் அப்படி இருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

குறைகளும் உண்டு. எடை. முதல் இரண்டு வார வலி. அடிப்பாகம் மாற்றுகிற நாட்களில் கையில் இன்னொரு ஜோடி இருந்தே ஆக வேண்டும். இந்தத் தையல் தெரிந்த ஆள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் நகரத்துக்குப் போனதுமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சகோதரிகளுக்கு இந்த வகை கிடைப்பது இன்னும் கஷ்டம். எங்களோடு ஊழியம் செய்த இரண்டு சகோதரிகள் கடை கடையாகத் தேடி, கடைசியில் சிறிய அளவு ஆண்கள் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்குச் சமமாக நடக்கிறவர்களுக்கு மெல்லிய அடிப்பாகம் வைத்த ஷூவையே விற்பது சரியில்லை, செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்த ஷூ பற்றி எல்லாம் தெரியும். 2019-க்கு முன்பு ஊழியத்தில் இருந்தவர்கள் வருடத்தில் இரண்டு தடவைதான் வீட்டோடு பேச முடியும், இப்போது வாரம் ஒருமுறை ஆயத்த நாளில் வீடியோவில் பேசலாம். அந்த ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு அம்மா ஒவ்வொரு வாரமும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார், அடுத்தது, காலைக் காட்டு என்பார். போனைக் கீழே இறக்கிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் மற்றப் பேச்சு.

ஊருக்குத் திரும்பியும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு இதையே போட்டுக்கொண்டு போகிறேன். மேல் தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறது, ஓர் இடத்திலும் வெடிப்பு இல்லை. தம்பிக்குப் போன வாரம் ஊழிய அழைப்பு வந்தது. என் ஷூவைத்தான் கேட்டான், அவனுக்குப் பாதம் என்னைவிட ஓர் அளவு பெரியது, நுழையவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே போட்டு நடக்கப்போகும் சாக்ஸையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.