வவுனியாவில் போஸ்டர் அடிக்க ஒரு நல்ல கடை

இறுதியாண்டு ஆய்வுக்கு ஏ-1 அளவில் ஒரு போஸ்டர் அடிக்க வேண்டியிருந்தது. விஷயம் படைபடையாக இருக்கும் சேதன மீகடத்திகள் (கடும் குளிரில் தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் கரிமச் சேர்வைகள்), அதற்குள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இலத்திரன் அவத்தைகள், அதாவது இலத்திரன்கள் எடுக்கிற வெவ்வேறு நிலைகள். போஸ்டரின் உயிரே நடுவில் இருக்கிற படம்தான்: கிடையாக அமுக்கம், நிலைக்குத்தாக வெப்பநிலை, இடப்பக்கம் காவலி (மின்னைக் கடத்தாத நிலை), வலப்பக்கம் மீகடத்தி, நடுவில் ஒரு மெல்லிய கோடு.

முதலில் கொடுத்த கடையில் (பெயர் வேண்டாம்) படத்தின் இரண்டு பக்கமும் ஒரே கருநீலமாக வந்தது, இந்தச் சேர்வைகளின் பெயரில் வரும் காப்பா (κ) என்ற கிரேக்க எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டி. காசும் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்னக் கடைக்குப் போனேன். கணினியில் இருந்த அக்கா படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நீலமும் ஊதாவும் பேப்பரில ஒண்டாத்தான் விழும், இந்தக் கோடு முக்கியமோ?" என்று கேட்டார். அதைக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதல். முக்கியம்தான் அக்கா என்று விளக்கினேன்: இந்த மீகடத்திகள் ஒருவகை உப்புகள், அதில் குளோரீன் உள்ள உப்பில் மூலக்கூறுகள் சோடி சோடியாக இருக்கும், இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அசையாமல் நின்று காவலியாகும், 27 கெல்வின் அளவில் எதிர்ப் பெரோகாந்தமும் (பக்கத்துப் பக்கத்துக் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) வந்துவிடும், ஆனால் சுமார் 300 வளிமண்டல அமுக்கம் கொடுத்தால் அதே பளிங்கு 13 கெல்வினுக்குக் கிட்ட மீகடத்தி. குளோரீனை எடுத்துப் புரோமீன் வைத்தால் அமுக்கமே தேவையில்லை, 11.6 கெல்வினில் தானாக மாறும். அந்த மெல்லிய கோட்டுக்குக் கிட்ட உள்ள இடத்தில் காவலியும் மீகடத்தியும் ஒரே பளிங்குக்குள் திட்டுத்திட்டாக இருக்கும்.

"அப்ப அந்த இடத்துக்கு ரெண்டு நிறத்திலயும் கோடு கோடாப் போடுவம்" என்றார். சரியாக அதுதான் வேண்டியது! காவலிக்குச் செம்மஞ்சள், மீகடத்திக்கு நீலம், எழுத்துருவையும் பைலுக்குள்ளேயே பதித்து, ஏ-4 தாளில் இரண்டு தரம் அடித்துக் காட்டினார், அதற்குக் காசு எடுக்கவில்லை. கடைசியில் பெரிய தாளில் காப்பா காப்பாவாகவே வந்தது.

விலை கொஞ்சம் கூடத்தான். பெரிய மெஷின் ஒன்றே ஒன்று, காலையில் பள்ளிக்கூட வேலைகள் குவிந்துவிடும், நான் முக்கால் மணித்தியாலம் நின்றேன். கார்ட் எடுக்கமாட்டார்கள். பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவிலிருந்து வருகிற ஆட்கள் மத்தியானத்துக்குப் பிறகு போங்கள், பிடிஎஃப் மட்டும் போதாது, மூலப் பைலையும் பென்டிரைவில் கொண்டு போங்கள், நிறம் மாற்ற அது வேண்டும்.