நெடுஞ்சாலையில் குளிரும், நகரத்துக்குள் வேகும்: எங்கள் ஏழு சீட்டருடன் பல வருஷம்

ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை மாற்றி வண்டி ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. இதே மாடலுக்கு இப்போது விலையும் இறங்கியிருப்பதால், எடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். எத்தனை சிசி, என்ன மைலேஜ், எத்தனை ஏர்பேக் என்பதெல்லாம் ஷோரூமில் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். ஏழு பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளைத் திணித்துக்கொண்டு, உள்நாட்டிலிருந்து ஒரு கடற்கரைப் பெருநகரத்துக்கு அடிக்கடி போய்வரும் குடும்பத்துக்கு இந்த வண்டி எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். தங்கை குடும்பம் அங்கே இருப்பதால் எந்த லீவு வந்தாலும் எங்கள் பயணம் அந்தப் பக்கம்தான். வண்டி ஓடிய தூரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே வழியில்தான் ஓடியிருக்கிறது.

முதலில் ஜன்னல். இதை எந்த ரெவ்யூவிலும் நான் பார்த்ததில்லை.

என் சின்ன மகளுக்குப் பழைய காரில் ஏறினாலே வாந்தி. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். மாத்திரை கொடுத்தோம், வெறும் வயிற்றோடு கூட்டிப்போனோம், முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி உட்காரச் சொன்னோம், ஒன்றும் சரிப்படவில்லை. இந்த வண்டிக்கு மாறிய பிறகு அது படிப்படியாக நின்றே போனது. பழைய காரில் பின்கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பு அவள் மூக்குக்கு மேலே இருந்தது. பயணம் முழுக்க அவள் பார்த்தது முன்சீட்டின் முதுகை மட்டும்தான். இதில் இரண்டாம் வரிசை முன்வரிசையைவிடக் கொஞ்சம் உயரம், ஜன்னல் விளிம்பு அவள் தோளுக்குக் கீழே நிற்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி வளைவதையும் பிரேக் பிடிப்பதையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணோ அசையாத ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த முரண்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு அபூர்வம், இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரைக்கும்தான் அதிகம். தூரத்து மேடும் மரமும் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன. இப்போது அவள் வழியெல்லாம் லாரிகளின் டயரை எண்ணிக்கொண்டு வருகிறாள். வண்டி பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பிள்ளையையும் கூட்டிப்போய் இரண்டாம் வரிசையில் உட்காரவைத்து, அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து வெளியே பாருங்கள். சாலை தெரியவில்லை என்றால், சன்ரூஃப் இருக்கிறது, பெரிய டச் ஸ்கிரீன் இருக்கிறது என்பதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட்டின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருப்பதால் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றிலும் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. முழு லோடில் எண்பது, தொண்ணூறில் போகும்போது அலுங்காமல் குலுங்காமல் போகிறது.

நெடுஞ்சாலையில் ஏசியும் அப்படித்தான். கூரையில் இருக்கும் வென்ட் வழியாக மூன்றாம் வரிசை வரைக்கும் காற்று வருகிறது. பின்வரிசைக்குத் தனி ப்ளோயர், தனி கூலிங் காயில். நடுமத்தியான வெயிலில்கூடப் பின்னாலிருந்து, "கொஞ்சம் குறைங்கப்பா, குளிருது" என்று குரல் வரும்.

இத்தனையும் பைபாஸை விட்டு இறங்கும் வரைதான். கடைசி டோலைத் தாண்டி, நகரத்தின் முதல் சிக்னலில் நின்று, முன்னால் பஸ், பக்கத்தில் கன்டெய்னர் லாரி என்று ஊர ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் மூன்றாம் வரிசையில் முனகல் கேட்கும். அப்புறம் இரண்டாம் வரிசை. கடைசியில் என் முகத்துக்கு நேராக வரும் காற்றே வெதுவெதுப்பாகிவிடும். "ஏம்ப்பா, காத்து சூடா வருதே, ஆஃப் பண்ணிட்டியா?" என்று அம்மா கேட்பார். பயணத்தில் ஆகச் சிறிய தூரம் அதுதான், நேரமோ அங்கேதான் இழுக்கும். விடிகாலையில் கிளம்பிக் களைத்துப்போன பிள்ளைகளும் பெரியவர்களும் கடல் ஈரம் கனத்த காற்றில், ஏற்றிய கண்ணாடிக்குள் வியர்த்துக் கிடப்பார்கள். கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை. இப்படித் தங்கை வீட்டு வாசலில் போய் இறங்கியபோதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவேன். அவர்கள் காலை வேளையில், நிழலில், ஒரே ஆள் உட்கார்ந்து பார்ப்பார்கள். "சார், கேஸ் கொஞ்சம் கம்மி, ரொப்பிட்டோம். இப்ப சூப்பரா இருக்கு." அங்கே சூப்பராகத்தான் இருக்கும். அடுத்த லீவு, அதே சிக்னல், அதே வேக்காடு. மறுபடி போனால் மறுபடி கேஸ். வருஷக்கணக்காக இதுவே கதை.

இதில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கணிசமாகக் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் மேலே மேலே ரொப்பினால் அளவு கூடி அழுத்தம் ஏறும், நின்ற இடத்தில் குளிர்ச்சி இன்னும் கெடும். அது மட்டுமில்லை, எங்கள் வண்டியில் இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் காற்றில் கலந்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதை நிரப்புவதற்கே தடை. அப்படிப்பட்ட சரக்கை, கசிவு எங்கே என்று பார்க்காமல் லீவுக்கு லீவு ரொப்பி அனுப்பினார்கள்.

கடைசியில் ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்தான் விஷயத்தைப் பிடித்தார். அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டவில்லை, கம்ப்யூட்டர் செருகவில்லை. உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, கதவெல்லாம் திறந்துவைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார். வென்ட்டில் காற்று சூடாகும் வரை காத்திருந்தார். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முன் கிரில் வழியாக மெதுவாக ஊற்றிவிட்டு, "சார், இப்ப கை வச்சுப் பாருங்க" என்றார். உள்ளே கையை நீட்டினேன். சில நொடிகளில் காற்று சில்லென்று மாறியது. தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் மறுபடி வெதுவெதுப்பு. "கேஸ் ஓடுது, கம்ப்ரஸர் இழுக்குது. சூடு வெளிய போக மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றார்.

பம்பரைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் கீழ்ப்பாதியில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. விரல் நுனியால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. மேல்பாதியில் தகடுகள் நேராக, பளபளப்பாக நின்றன. கீழே தகடே இல்லாமல் வெறும் குழாய். அந்தக் குழாயிலும் எண்ணெய் கசிந்த கறை ஓர் இடத்தில். கேஸ் போன வழி அதுதான். தங்கை வீடு கடலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். இரவெல்லாம் உப்புக் காற்று படிந்து, பகலில் சூடேறி, ஈரம் காயாமல் அங்கேயே அரித்திருக்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படியும் காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு ஊசிக்குத்தாகத் துளைத்துவிடும். தகடு உதிர்ந்தால் சூட்டை வெளியே தள்ளும் பரப்பு குறைந்துபோகும்.

நெடுஞ்சாலையில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் முன்னாலிருந்து மோதும் காற்றே அரைகுறைக் கண்டென்சரையும் குளிரவைத்துவிடும். சிக்னலில் நின்றால் இருப்பது ஒரு மின்விசிறி மட்டும்தான், அதுவும் பக்கத்து லாரி விட்ட சூட்டைத்தான் இழுக்கும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. நெடுஞ்சாலையில் இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றினால் ஐடிலில் 800 அளவில்தான். பின்வரிசைக்குத் தனிக் காயில் இருப்பதால் அந்த நோஞ்சான் ஓட்டத்தை இரண்டாகப் பங்கு போட வேண்டும். இதற்கு மேல் கடற்கரைக் காற்றின் ஈரம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். மிச்சம் முழுவதையும் ஏசி தண்ணீராக்கி வண்டிக்கு அடியில் சொட்டவிட வேண்டும். ஒரு கிலோ நீராவியைத் தண்ணீராக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சியாக வேண்டும். உள்நாட்டு வறண்ட வெயிலில் காற்றைக் குளிர்விக்கப் பயன்படும் சக்தியில் பெரும்பங்கு இங்கே ஈரத்தை உலர்த்துவதிலேயே போய்விடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் உப்புக் காற்றுக்கு வண்டி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கடலோரத்தில் எல்லாக் கண்டென்சரும் அரிக்கும். என் வண்டி வருஷம் முழுக்க அங்கே நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முன் பம்பரின் கீழ் வாய் அகலத் திறந்திருக்கிறது, உள்ளே ஒரு வலைகூட இல்லை. சாலையில் தெறிக்கும் சேறும் கல்லும் உப்பும் நேராகக் கண்டென்சரின் கீழ்ப்பாதியில்தான் அடிக்கின்றன. பின்வரிசைக்குத் தனி ப்ளோயர் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள், அதற்கு ஈடு கொடுக்கும் இன்னொரு விசிறியை முன்னால் வைக்க மனம் வரவில்லை. வாரன்டி கேட்டபோது, இது சுற்றுச்சூழலால் வந்த அரிப்பு, சேராது என்று கைவிரித்தார்கள். கசிவைத் தேடாமல் ரொப்பி அனுப்பிய காலமெல்லாம் அந்த வாரன்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாற்றிய பிறகு ஒரு முறை நகரத்துக்குப் போய்வந்தாயிற்று. அதே சிக்னல், சாயங்கால நெரிசல். மூன்றாம் வரிசையில் மகன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தான்.

இப்போது திரும்பி வந்த மறுநாளே, இன்ஜின் ஆறியதும், கிரில் வழியாக நல்ல தண்ணீரைக் குழாயில் மெதுவாக விட்டுக் கழுவுகிறோம். பிரஷர் வாஷரை அந்தப் பக்கமே விடுவதில்லை. தகடுகள் மடங்கினால் காற்று நுழையாது. தங்கை வீட்டில் வண்டியின் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்துகிறோம். நெரிசலில் உள்காற்று சுற்றும் பொத்தானைப் போட்டுவிடுகிறேன், வெளியிலிருந்து வரும் ஈரம் குறையும். ஆனால் ஏழு பேர் மூச்சுவிடும் வண்டியில் அதையே மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஓட்டுகிறவருக்கே கண்ணைச் சொருகும். நெடுஞ்சாலையில் அடிக்கடி வெளிக்காற்றைத் திறந்துவிடுகிறேன். இன்னொன்று, கடலோரத்தில் விடிகாலையில் முன்கண்ணாடி மங்கினால் பலர் டீஃபாகரைப் போட்டுவிட்டுத் தவிக்கிறார்கள். ஏசியால் கண்ணாடி சில்லிட்டுப்போய் வெளிப்பக்கம் பனி பூத்திருக்கும். வைப்பர் ஒரு தடவை போட்டு, கண்ணாடிக்கு அடிக்கும் குளிர்காற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஜன்னலுக்காக, சீட் உயரத்துக்காக, நெடுஞ்சாலையில் போகும் நிதானத்துக்காக இதற்கு நிகரான குடும்ப வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. என் மகளின் வாந்தியை நிறுத்திய வண்டியை நான் விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் கடலோர நகரத்துக்கு அடிக்கடி போகிற குடும்பம் என்றால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை இறங்கியிருந்தாலும் வேண்டாம். வியர்த்து ஊற்றிய அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே கிளட்ச்சை மிதித்த அந்தச் சாயங்காலங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இன்னும் ஒரு கோடை இந்தப் புதுக் கண்டென்சரோடு ஓடட்டும், அப்புறம் கேளுங்கள், ஒருவேளை வேறு பதில் சொல்வேன்.

அதுவரை பொறுக்க முடியாது, எடுத்தே தீருவோம் என்கிறவர்கள் டெஸ்ட் டிரைவைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு சுற்று ஓட்டியதும் வெயிலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிஷம் அப்படியே நில்லுங்கள். விற்கிறவரை முன்சீட்டில் உட்காரவிடாதீர்கள், மூன்றாம் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.